கோவில்பட்டிக்காரனுக்கு நெருப்பு வரவில்லை

நியூ ஜெர்சி,
ஜூன் 8.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது என் வலது கையைப் பற்றி வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை இங்கே மெமோரியல் டே. போரில் இறந்த வீரர்களை நினைக்கும் நாள். காலையில் கொடி, மாலையில் கொல்லையில் கோழி. குளிர்காலம் முழுக்க உறை போட்டு மூடிவைத்த கிரில்லை அன்றைக்குத்தான் தெருவே வெளியே இழுக்கும். கிரில் என்றால் ஒன்றும் இல்லை, நம் கேஸ் அடுப்புக்குச் சக்கரமும் மூடியும் வைத்து, கீழே ஒன்பது கிலோ சிலிண்டரைச் சொருகியது. அதில் புரோப்பேன்தான் இருக்கும். நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. அது இங்கத்துக் குளிர்காலத்தில் ஆவியாகாமல் உள்ளேயே படுத்துக்கொள்ளும். வீடு தேடி வந்து சிலிண்டர் போட பெரும்பாலும் ஆள் கிடையாது. காலியானதைக் காரில் ஏற்றி, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் கம்பிக் கூண்டில் நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆபீஸ்காரர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தேன். சித்தி சொன்ன மசாலாவில் கோழி முதல் நாளே ஊறிவிட்டது. கேஸைத் திறந்து பொத்தானை அமுக்கினேன். டிக் டிக் டிக். நெருப்பு இல்லை. மறுபடி டிக் டிக். காகிதத் தட்டோடு ஆறு பேர் நிற்கிறார்கள். காற்று கெடுக்கிறது என்று நினைத்து மூடியை வேறு மூடி, பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். என்ன ஆச்சு என்று மூடியைத் திறந்த நேரத்தில் எங்கேயோ ஒரு பொறி பிடித்து, 'டுப்'! பதறிப்போய் கேஸை மூடினேன். வலது கையில் முழங்கை வரை இப்போது முடி கிடையாது. காயம் ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். பிளம்பர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முதலில் மூடியைத் திறந்துபோட்டு ஐந்து நிமிஷம் சும்மா நிற்கச் சொன்னார். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே போகாது, அடியிலேயே தேங்கும். திறந்த மூடியோடு பற்றவைப்பதுதான் முதல் பாடம் என்றார். பிறகு கிரில்லின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார். பக்கத்தில் ஒரு சங்கிலி, அதன் நுனியில் தீக்குச்சியைச் செருக ஒரு சுருள் கம்பி. சித்தப்பா, இவ்வளவு மின்சார வித்தை காட்டிவிட்டுக் கடைசியில் தீக்குச்சிக்கு என்று தனியாக ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள்! குச்சியைக் கிழித்தார், உள்ளே விட்டார், பற்றிக்கொண்டது. அப்புறம் சும்மா பேச்சுக்கு, "உனக்கு இந்தியாவில் எந்த ஊர்?" என்றார். தீப்பெட்டி ஊரான கோவில்பட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. சென்னைப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

அடுத்த வாரம் ரோஷம் வந்து பழுது பார்க்க உட்கார்ந்தேன். பொத்தானுக்கு அடியில் ஒரு பேனா பேட்டரி. அதன் ஒன்றரை வோல்ட்டை ஒரு சின்னப் பெட்டி சேர்த்துவைத்து, பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஒயரில் தள்ளுகிறது. ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு பொறி. பேட்டரியே இல்லாத கிரில்லும் உண்டு. அதில் ஸ்பிரிங் பூட்டிய குட்டிச் சுத்தியல் ஒரு படிகத்தை அடிக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணனும். மேடம் கியூரியின் வீட்டுக்காரர்தான் இந்த பியர். அம்மாவின் அடுப்பங்கரையில் ஆணியில் தொங்கும் கேஸ் லைட்டரும் இதே சங்கதிதான். நோபல் பரிசு வாங்கினவர் கண்டுபிடிப்பை அம்மா தினமும் டீ போட டொக்கு டொக்கென்று தட்டுகிறாள்.

புதுப் பேட்டரி போட்டும் பலன் இல்லை. ராத்திரி வரட்டும் என்று காத்திருந்து, சிலிண்டரை மூடி, வாசல் விளக்கை அணைத்துவிட்டு நான் பொத்தானை அமுக்க, உங்கள் மருமகள் குனிந்து பார்த்தாள். "நுனியில இல்லங்க, நடுவுல வருது!" பொறி, கம்பி நுனியிலிருந்து பர்னருக்குத் தாவ வேண்டும். கம்பியைச் சுற்றியிருந்த பீங்கானில் மயிரிழை விரிசல்; அதன் வழியாகப் பக்கத்துத் தகரத்துக்கு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரமும் நம் ரேஷன் கடைக் கூட்டம் மாதிரிதான், சந்து கிடைத்தால் அங்கேயே புகுந்துவிடும்.

ஒயரோடு சேர்ந்த புதுக் கம்பி 22 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி இன்னும் விடவில்லை. அந்தக் காசுக்கு அம்மாவின் லைட்டர் ஒரு டஜன் வரும். வேலை என்னவோ ஒரு ஸ்க்ரூவும் ஒரு ஒயர் முனையும்தான். துருப்பிடித்த அந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டியதில் பாதி நாள் போயிற்று. நுனிக்கும் பர்னருக்கும் நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இங்கத்து ஐந்து சென்ட் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர். அதை வைத்தே அளந்தேன். பொறி விழும் இடத்தில் பர்னரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்.

பர்னர் குழாயின் வாயில், காற்றும் கேஸும் கலக்கிற இடத்தில், சிலந்தி குடும்பமே நடத்தியிருந்தது. அது அடைத்தால் கேஸ் பின்பக்கம் கசிந்து, பற்றவைக்கிறவன் முகத்துக்கு நேரே தீப்பிடிக்கலாம். சிரிக்காதீர்கள், 2011-இல் மாஸ்டா கம்பெனி ஒரு மாடல் கார்களையே சிலந்தி வலைக்காகத் திரும்ப அழைத்திருக்கிறது. பெட்ரோல் டாங்கின் காற்றுக்குழாயில் வலை பின்னியதாம். நாற்பது வருஷமாக அடுப்பு ரிப்பேர் பார்த்து, ஊர் அடுப்புக்கெல்லாம் நீங்கள் ஊக்கால் துவாரம் குத்தியதை வேடிக்கை பார்த்தவன்தான் நான். ஆனாலும் பெரியவர் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தக் குழாயைப் பார்க்கத் தோன்றியது.

நேற்று ஒரே டிக்கில் பற்றியது. விருந்தாளி ஒருவரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஏழெட்டுத் தடவை அணைத்து அணைத்துப் பற்றவைத்தோம்.

செப்டம்பரில் அம்மா வரும்போது இரண்டு கிலோ கடலைமிட்டாய் கொடுத்துவிடுங்கள். பாசத்தில் தீப்பெட்டி எதையும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், விமானத்தில் ஏற்றும் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை. மிட்டாயில் ஒரு கிலோ பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. கொடுக்கும்போது ஊர்ப் பெயரைத் திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்