எல்லாம் வாய்வுதான்

'தெரியாது' என்ற சரக்கு மட்டும் அண்ணாச்சி கடையில் கிடைக்காது. பாளையங்கோட்டைப் பக்கம் தெருவுக்குத் தெரு இப்படி ஒருவர் உண்டு; எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முதுகு பிடித்துக்கொண்டது என்று போய் நில்லுங்கள். "வாய்வு" என்பார். விலாவில் குத்தல், கெண்டைக்கால் இழுப்பு, நிற்காத கொட்டாவி, எதைச் சொன்னாலும் வாய்வுதான். தீர்ப்பு வாயில் இருக்கும்போதே கை ஓமத்தை நிறுக்கத் தொடங்கிவிடும். சுக்கும் ஓமமும் பெருங்காயமும் அந்தக் கடையில் போகிற வேகத்துக்கு அரிசிகூடப் போவதில்லை.

வாய்வு நுழைய முடியாத இடத்துக்குச் சூடு இருக்கிறது. கண் எரிச்சல், முகப்பரு, மருமகப்பிள்ளையின் முன்கோபம் எல்லாம் சூடு. பச்சைப்பிள்ளை ஓயாமல் அழுதால் உரம் விழுந்திருக்கும். பால் குடிக்க மறுத்தால் கண்ணேறு. தூக்கத்தில் திடுக்கிட்டால் பயந்த கோளாறு. ஒரு பிள்ளை அழவும் இல்லை, பாலும் குடிக்கிறது, நன்றாகத் தூங்கவும் செய்கிறது என்றால் அண்ணாச்சி சற்று யோசிப்பார். "உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு" என்பார்.

இயந்திரங்களும் தப்பாது. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையா, ஏர் லாக். மிக்சி நின்றதா, லூஸ் காண்டாக்ட். செல்போன் சுட்டால் வைரஸ், அதை வைத்திருக்கும் ஆளுக்குச் சுட்டாலும் வைரஸ். வெயில் நாளில் மழை கொட்டினால் மேலடுக்குச் சுழற்சி, வார்டு தேர்தலில் வேண்டியவர் தோற்றால் உள்குத்து. இதில் எதையும் முழுப்பொய் என்று தள்ளவும் முடியாது. மோட்டாரில் நிஜமாகவே ஏர் லாக் விழுவதுண்டு. பத்துக்கு மூன்று பலித்துவிட்டால் போதும், பலிக்காத ஏழையும் தெரு மறந்துவிடும்.

அண்ணாச்சியை மட்டும் சொல்லி என்ன? பணம் ஏன் வரவில்லை என்று கவுண்டரில் கேட்டால் 'சர்வர் டவுன்' என்கிறார்கள். செய்தியில் 'மர்மக் காய்ச்சல்' பரவுகிறது. பங்குச் சந்தை சரிந்தால் 'சென்டிமென்ட்' சரியில்லையாம். அவர்களெல்லாம் முழுக்கைச் சட்டை போட்ட அண்ணாச்சிகள்.

அடுத்த வீட்டுப் பெண் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். ஒருநாள் கடையில் வைத்தே கேட்டுவிட்டாள். "தெரியாததுக்கு ஒரு பேர் வச்சிட்டா தெரிஞ்சதா ஆயிருமா பெரியப்பா?"

"ஏன், உங்க படிப்புல அப்படிக் கெடையாதோ?"

பிள்ளை நேர்மையாக வளர்ந்தவள். உள்ளதைச் சொல்லிவிட்டாள். 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்கள் வேகமாக ஓடுவதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால் அவை எப்போதோ சிதறியிருக்க வேண்டும். கட்டிப்பிடித்து வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கரும்பொருள் என்று பெயர். பேரண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போவது 1998-இல் தெரிந்தது. அதைச் செய்கிற ஒன்றுக்குக் கருஞ்சக்தி என்று பெயர். இரண்டும் சேர்ந்தால் பேரண்டத்தில் சுமார் 95 சதவீதம். இரண்டும் என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "அப்ப அவுக வானத்துக்கு வாய்வுன்னு சொல்லுதாவ, நான் வயித்துக்குச் சொல்லுதேன். அவுகளுக்குப் பரிசு கிரிசு உண்டா?"

"1998-ல கண்டுபிடிச்சவங்களுக்கு 2011-ல நோபல் கொடுத்தாங்க."

"எனக்குக் கேலி. நல்லா இருக்கு நியாயம்!"

அவளும் விடவில்லை. 1895-இல் ரான்ட்ஜென் புதுக்கதிர் ஒன்றைக் கண்டார், என்னவென்று புரியாததால் 'எக்ஸ்' என்று குறித்தார், குறித்த கையோடு கடையைச் சாத்திவிடவில்லை என்றாள். ஏழு வாரம் சோதனைச்சாலையே கதி. மரத்தை ஊடுருவுகிறதா, ஈயத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவியின் கையை வைத்து எலும்பையும் மோதிரத்தையும் படம் எடுத்தார். அதுவும் ஒளியைப் போல ஓர் அலைதான் என்பது 1912-இல் உறுதியாயிற்று. "எக்ஸுங்கிற பேர் மட்டும் அப்படியே நின்னுபோச்சு பெரியப்பா."

"பேர மாத்தலைல்லா? பொறவு என்ன!" என்று சொல்லி அண்ணாச்சி அவளுக்கும் ஐம்பது கிராம் ஓமம் கட்டினார். காசும் வாங்கிக்கொண்டார்.

போன ஆடியில் ஒரு ராத்திரி அண்ணாச்சிக்கு நெஞ்சை அடைத்தது. இடது தோள்வரை வலி, நெற்றியெல்லாம் வியர்வை. ஓம டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, "108-க்குப் போடுங்கடே" என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, விடியவிடியக் கண்காணிப்பு. காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதயம் நல்லா இருக்கு. வெறும் கேஸ் ட்ரபிள்தான்."

ஊர் திரும்பிய அண்ணாச்சியைப் பார்க்க வேண்டுமே! ஆடித் தபசுத் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு முகமலர்ச்சியோடு போயிருக்க மாட்டார். "பெரிய டாக்டரே வாய்வுன்னு எழுதிக் கொடுத்துட்டாரு" என்று சீட்டை ஒரு வாரம் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். அந்த வாரம் ஓமம் தீர்ந்துபோய் இரண்டாவது மூட்டை இறக்கினார்.

அவர் பெருமையை அவர் வைத்துக்கொள்ளட்டும். மாரடைப்பும் பலருக்கு வாய்வு வேஷத்தில்தான் வருகிறது. உங்களுக்கு நெஞ்சை அடைத்தால் அண்ணாச்சி சொன்னதைச் செய்யாதீர்கள், செய்ததைச் செய்யுங்கள்: முதலில் ஈ.சி.ஜி., ஓமம் பிறகு.