கறுப்புச் சட்டை போட்ட தேன்குழல்

கோகோ வெண்ணெய் என்கிற கொழுப்பு ஆறு விதமாக உறையக்கூடியது. ஒவ்வொரு விதத்துக்கும் உருகும் சூடு வேறு. அதில் ஐந்தாவது விதமாக உறைந்தால்தான் சாக்லேட்டுக்குப் பளபளப்பு வரும், ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும், 34 டிகிரியை ஒட்டி, அதாவது நாக்கில் வைத்ததும், கரையும். இந்த விவரம் தெரியாமல் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் நிம்மதியாகச் சாக்லேட் தின்றுகொண்டிருக்கிறார்கள். மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளருக்கு மட்டும் இது தெரிந்துபோயிற்று. அதுவும் தீபாவளி நெருங்கும் நேரத்தில்.

வினை ஆரம்பித்தது அமெரிக்காவில். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவர் ஒரு டிசம்பர் மாதம் போயிருந்தார். கிறிஸ்துமஸ் வந்தால் அங்கே பல வீடுகளில் சாக்லேட்டை உருக்க ஆரம்பித்துவிடுவார்கள். உப்புப் பரல் தூவிய பிரெட்ஸலை அதில் முக்கித் தாளில் பரப்பி, உறைந்ததும் தகர டப்பாவில் அடுக்கி, அக்கம்பக்கத்தாருக்கும் பிள்ளைகளின் டீச்சருக்கும் கொடுப்பார்கள். ஒஹாயோ மாநிலத்தில் வேர்க்கடலை வெண்ணெயை உருண்டை பிடித்து, உச்சியில் ஒரு வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சாக்லேட்டில் முக்குவார்கள். அந்த ஊர் ‘பக்கை’ மரத்தின் கொட்டை அப்படித்தான் இருக்கும் என்பதால் பண்டத்துக்கும் அதே பெயர்.

மேலாளரின் கைக்கும் அப்படி ஒரு டப்பா வந்தது. பிரெட்ஸல் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவு இருக்கிறது, முறுக்கல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, மொறுமொறுப்பும் இருக்கிறது. கோதுமைக்குப் பதில் அரிசி என்று ஒரே ஒரு பதிவை மாற்றி எழுதினால் கணக்கு நேராகிவிடும். அடுத்த தீபாவளிக்கு அடுக்குமாடி முழுவதற்கும் சாக்லேட் தேன்குழல் என்று அங்கேயே முடிவாயிற்று.

ஒன்றை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நியூ ஜெர்சியில் டிசம்பரில் தட்டைக் கொல்லைப்படியில் வைத்தால் போதும், சாக்லேட் தானாக உறையும். சென்னையில் தீபாவளி வருவது ஐப்பசியை ஒட்டி. வெயில் இன்னும் ஊரைவிட்டுப் போயிருக்காது, வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். சூடு, ஈரம் இரண்டுமே சாக்லேட்டுக்கு ஆகாதவை.

முதல் ஆட்சேபம் வானிலையிடமிருந்து வரவில்லை, அம்மாவிடமிருந்து வந்தது. “நல்ல நாளும் அதுவுமா தேன்குழலுக்குக் கறுப்புச் சட்டை போட்டு நாலு வீட்டுக்குக் கொடுப்பியாடா? வெள்ளைக்காரன் பண்டம் நமக்கெதுக்கு?”

மேலாளர் தயாராகத்தான் இருந்தார். கோகோ செடி இந்தியாவுக்கு முதலில் வந்த இடமே நம் குற்றாலம், வருஷம் 1798 என்றார். கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கொண்டுவந்து நட்டது. அச்சில் வார்த்த சாக்லேட் கட்டியை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஃப்ரை கம்பெனி செய்தது 1847இல்தான். “கட்டி வர்றதுக்கு 49 வருஷம் முன்னாடியே செடி நம்ம ஊருக்கு வந்தாச்சும்மா. இன்னிக்கும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புல ஊடுபயிரா நிக்குது.” அம்மா குற்றாலத்தை மறுக்கவில்லை. கறுப்பை மட்டும் மறுத்தார். கோகோத் தூளே சேராத, கோகோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த வெள்ளைச் சாக்லேட் என்று ஒன்று இருப்பதால், சாமிக்கு வைக்கும் தட்டுக்கு அது என்று சமாதானம் ஏற்பட்டது.

அடுத்தது செய்முறை. மனைவிக்குப் பாகு தெரியும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாவற்றுக்கும் அவருடைய கருவி ஒரு கிண்ணம் தண்ணீரும் இரண்டு விரலும். மேலாளரின் கருவி ஆன்லைனில் வாங்கிய தெர்மாமீட்டர். கறுப்புச் சாக்லேட்டை 45இலிருந்து 50 டிகிரிக்குள் உருக்கி, கிண்டிக்கொண்டே 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். டெம்பரிங் என்று பெயர். ஐந்தாம் வித உறைவு அப்போதுதான் கைகூடும். அடுப்படியே 32 டிகிரியில் கொதிக்கிறபோது கிண்ணம் மட்டும் எப்படி 27க்கு இறங்கும் என்று மனைவி கேட்டார். மேலாளர் தெர்மாமீட்டரை உதறிப் பார்த்தார். அது காய்ச்சலுக்கு வைக்கும் பழைய பாதரசச் சாமான் இல்லை என்பதால் உதறியும் பலனில்லை.

பதம் பார்க்கும் வழக்கமும் இங்கே செல்லாது. வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டுத்தான் சோதிக்கிறோம். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலோ, அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் களிமண்ணாக இறுகிவிடும். சாக்லேட் கிண்ணத்துக்குக் கீழே கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் ஆவி விளிம்பில் வேர்த்துச் சொட்டினாலே போதும். அப்படித்தான் சொட்டியது. மேலாளர் நஷ்டக் கணக்கில் எழுதப் போனபோது மனைவி சூடான பாலைத் தாராளமாக ஊற்றிக் கிளறினார். இறுகியது இளகிக் குழம்பாயிற்று. துளித் தண்ணீருக்கு முறைத்துக்கொள்ளும் சாக்லேட், நிறையக் கொடுத்தால் சமாதானமாகிவிடும் ரகம். அன்று ராத்திரி எல்லோருக்கும் பிரெட்டும் சாக்லேட் குழம்பும்.

பேக்கிங் சாமான் கடைக்காரர் சுலபமான வழி சொன்னார்: காம்பவுண்ட் ஸ்லாப். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது, டெம்பரிங் வேண்டாம், உருக்கினோமா ஊற்றினோமா என்று வேலை முடியும். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வீட்டில் செய்து வண்ணத்தாளில் சுற்றிக் கொடுக்கப்படும் சாக்லேட்டில் பெரும்பகுதி இதுதான். மேலாளர் லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். வாயில் போட்டுப் பார்த்தார். அண்ணத்தில் லேசாக மெழுகு படிந்தது. போலி ஜாமீனில் கடன் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர். வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகவே தொழிற்சாலை படுக்கையறைக்கு மாறியது. வீட்டில் ஏசி இருந்தது அங்கேதான். வைத்தது 18 டிகிரி. கட்டில் மேல் செய்தித்தாள், செய்தித்தாள் மேல் தட்டுகள், தட்டுகளில் தேன்குழல். மேலாளர் குல்லாயும் மனைவி சால்வையுமாக உட்கார்ந்து முக்கினார்கள். சமையல்காரர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பலகாரம் செய்து பழகிய ஊரில், பல் கிடுகிடுக்கத் தீபாவளிப் பட்சணம் செய்த குடும்பம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. ஆனால் வெளியே எடுத்ததும் மேலே ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

எதை முக்கலாம், எதை முக்கக்கூடாது என்பதற்கும் நியாயம் உண்டு. தண்ணீர்ப்பசை இல்லாததெல்லாம் ஒத்துக்கொள்ளும். முந்திரி, பாதாம், கடலை மிட்டாய், மேலே காய்ந்த பேரீச்சம்பழம் எல்லாம் சாது. ஜாங்கிரிக்கு அனுமதி இல்லை. அதிரசத்தில் எண்ணெய் கசிவதால் சாக்லேட் வழுக்கி ஓடும். தேன்குழலிலும் எண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. அது மெல்ல மேலேறிக் கோகோ வெண்ணெயை இளக்கி, சில நாளில் சாம்பல் பூக்க வைக்கும். அதனால் தாளில் போட்டு எண்ணெயை நன்றாக வடிய விட வேண்டும், சீக்கிரம் தின்றும் தீர்க்க வேண்டும். பெருங்காயமும் கூடாது. பெருங்காயம் போடாத தேன்குழலுக்கு என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று மனைவி நிபந்தனை போட்டார்.

முக்கிற கை நிற்காது. தேன்குழல் தீர்ந்ததும் மேலாளரின் கண் தீபாவளி மருந்து இருந்த பாத்திரத்தில் விழுந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், நல்லெண்ணெய். கடமைக்காகச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த லேகியம். மெக்சிகோவின் பழங்குடிகள் கோகோவை மிளகாய் சேர்த்துக் குடித்தவர்கள்தான். ஃப்ரை கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் ஃப்ரையும் தொழிலால் மருந்துக்காரர். காரமும் மருந்தும் இந்தப் பண்டத்துக்குப் பூர்விகம் என்று வாதாடி, லேகியத்தைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து, பொட்டுக்கடலை மாவில் புரட்டி, முக்கி எடுத்தார். டப்பாவுக்கு ஆறு உருண்டை போட்டு, ‘நாளொன்றுக்கு ஒன்று’ என்று சீட்டும் ஒட்டினார்.

தீபாவளியன்று மதியத்துக்குள் தகவல் வந்துவிட்டது. சாக்லேட் தேன்குழலைப் பெரியவர்கள் மரியாதையாகப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டின் நீளத்திலிருந்தே அது டப்பாவில் பத்திரமாக இருப்பது தெரிந்தது. லேகிய உருண்டை மட்டும் எந்த வீட்டிலும் மிஞ்சவில்லை. மூன்றாவது மாடிப் பையன் ஆறையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். அவன் அம்மா பதற்றத்தோடு இறங்கி வந்து, “சார், ஒண்ணும் ஆகாதே?” என்றார். பசிக்கும் என்று மேலாளரின் மனைவி பதில் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் அம்மா தனக்கும் ஓர் உருண்டை கேட்டார். மேலாளர் தட்டில் வைத்து நீட்டினார். அம்மா அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். கரண்டிக் காம்பால் கறுப்புச் சட்டையைப் பொறுமையாகச் சுரண்டித் தட்டோரம் ஒதுக்கினார். உள்ளே இருந்ததை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மருமகள் பக்கம் திரும்பினார்.

“திப்பிலி போதலையே.”