எட்டிக்காய் போட்ட ஓட்டம்

ஞாயிறு விடியலில் புதுச்சேரியின் நோணாங்குப்பம் படகுத்துறையைத் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் மூச்சிரைக்க ஓடும் அண்ணன்மாரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இடுப்பில் ஜெல் பொட்டலம், பாட்டிலில் பிசிஏஏ என்கிற அமினோ அமிலப் பவுடர், நாக்கின் அடியில் உப்பு மாத்திரை. இந்தப் பரம்பரைக்கு ஒரு முப்பாட்டன் உண்டு. பெயர் தாமஸ் ஹிக்ஸ்.

1904 ஆகஸ்ட் 30. செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். கொளுத்தும் பிற்பகல், கூடவே போன மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதி. தண்ணீரோ பேருக்குத்தான். குடிக்காமல் ஓடினால் மனுஷன் என்ன ஆவான் என்று பார்க்க அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆசை! 32 பேர் கிளம்பி, 14 பேர்தான் வந்து சேர்ந்தார்கள். ஃபிரெட் லார்ஸ் பாதி வழியைக் காரில் கடந்து, முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்து, கூச்சமில்லாமல் கையாட்டினார். கியூபாவின் தபால்காரர் கார்வஹால் ஆப்பிளைத் தின்று வயிறு கடுத்து, வழியில் ஒரு தூக்கமும் போட்டு, நான்காவதாக வந்தாராம்.

நம் ஹிக்ஸ் கேட்டது தண்ணீர். உதவியாளர்கள் கொடுத்தது முட்டை வெள்ளைக்கருவில் கலந்த ஸ்ட்ரிக்னைன், தொடர்ந்து பிராந்தி. ஸ்ட்ரிக்னைன் வேறொன்றுமில்லை, நம்மூர் எட்டிக்கொட்டையின் விஷம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி இரண்டே ஆண்டில், 1818இல், பெல்த்தியே, கவாந்தூ என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். எட்டி பழுத்தென்ன என்று நாம் ஒதுக்கியதை, அவர்கள் டானிக் ஆக்கிவிட்டார்கள்.

அது தசைக்குத் தெம்பு தராது. தண்டுவடத்தில் நரம்புகளை அடக்கி வைக்கும் பிரேக்கைப் பிடுங்கிவிடும். அளவு மிஞ்சினால் வலிப்பு, பிறகு பாடை. ஹிக்ஸ் பிதற்றிக்கொண்டே, இரு பக்கமும் ஆள் தாங்க, 3 மணி 28 நிமிடம் 53 நொடியில் கோட்டைக் கடந்தார். தங்கப் பதக்கம்!

கூடவே போன சார்லஸ் லூகாஸ் மறு ஆண்டு புத்தகமே எழுதினார்: ஓட்டக்காரருக்கு மருந்து பெரும் பலன் தரும் என்பது நிரூபணமாகிவிட்டதாம். நிரூபணத்துக்கு ஒரே ஆள், அவரும் பாதிப் பிணம்! ஜெயித்தவன் வாயில் போனதெல்லாம் அமுதம் என்கிற இந்தத் தர்க்கம்தான் இன்றும் டப்பா டப்பாவாக விற்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும், கொஞ்சம் காபியும் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பிசிஏஏ பவுடர் ஓட்டத்தை வேகமாக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிசு.

ஹிக்ஸை அன்று உண்மையில் கரை சேர்த்தது அந்த இரண்டு கைத்தாங்கல் ஆட்கள்தான். அவர்களை யாராவது டப்பாவில் அடைத்து விற்கட்டும். பணம் கொடுத்து வாங்கலாம்.