வாதமும் வம்சமும்

கேள்வி: அம்மைக்கு 38 வயசுலயே முடக்குவாதம் வந்து கைவிரலெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சுபோச்சு. நானும் பூக்கட்டுற வேலைதான் செய்யுறேன். எனக்கும் வந்துருமா? (ஒரு வாசகி, தோவாளை)

பதில்: வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தங்கச்சி. நம் நாட்டில் முடக்குவாதம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இருந்தால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். மூன்று மடங்கு என்றதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் எதை மூன்றால் பெருக்குகிறோம் என்று பாருங்கள். முக்காலை மூன்றால் பெருக்கினால் இரண்டேகால். பெண்களுக்கு இந்நோய் கூடுதலாக வருவதையும் சேர்த்து ஏற்றிப் போட்டாலும், நூற்றில் 90-க்கும் அதிகமான பங்கு வராத பக்கம்தான். ஜீன் அத்தனையும் ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும், மற்றவருக்கும் வந்தது நூற்றுக்கு சுமார் 15 ஜோடிகளில்தான் என்று 1993-ல் பிரிட்டன் ஆய்வொன்று காட்டியது. ஜீன் மட்டுமே முடிவு செய்வதென்றால் அது 100 ஆக இருந்திருக்க வேண்டும்.

பயப்படாதீர்கள் என்றேன், பார்த்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லவில்லை. நாரை விரலில் சுற்றிச் சுற்றி இழுப்பதால் வரும் வலி வேலை கூடக்கூடக் கூடும், தூங்கி எழுந்தால் குறையும். முடக்குவாத வலி நேர்மாறு. விடியற்காலையில், பிச்சி அரும்பு வந்து குவிகிற நேரத்தில், விரலை மடக்கி முடிச்சுப் போட வராது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் போன பிறகுதான் விரல் இளகும். உள்ளங்கையோடு விரல் சேரும் கணுவிலும் விரலின் நடுக்கணுவிலும் மெத்தென்று வீங்கியிருக்கும், பெரும்பாலும் இரண்டு கையிலும். யாராவது கையைப் பிடித்து லேசாக அமுக்கினால் உயிர் போகும். இப்படி ஓரிரு வாரம் நீடித்தாலே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய், ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அம்மைக்கு இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கிய கைகள் இன்று பெரும்பாலும் சாய்வதில்லை. அம்மையின் காலத்தில் கிடைக்காத அந்த மாதங்கள் உங்களுக்குக் கிடைக்கும்.

கேள்வி: கப்பைக்கிழங்கும் மீனும் தின்றால் வாதம் வரும் என்கிறார் பாட்டி. உண்மையா? (தக்கலை)

பதில்: வராது. சாளை மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு முடக்குவாதக்காரர்களுக்கு நல்லதும்கூட. யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்கள் மட்டும் சாளையைக் குறைக்கட்டும். அது வேறு நோய். பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு, அவர் வைக்கிற மீன்குழம்பை மரியாதையாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: எந்த ஜீன் இதற்குக் காரணம்? அதைப் பிடித்து வெட்டிவிட முடியாதா? (கல்லூரி மாணவர், வடசேரி)

பதில்: ஒன்றாக இருந்தால் வெட்டலாம், தம்பி. முடக்குவாதத்தோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபுத்தொகுதியில் நூற்றுக்கும் மேல். அவற்றில் தலையாயது ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ. களியக்காவிளை செக்போஸ்ட்டில் லாரிக்காரர் தார்ப்பாயை விலக்கிச் சரக்கைக் காட்டுவதுபோல, நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை எச்எல்ஏ மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டுகின்றன. நோயெதிர்ப்புக் காவலர்களான டி செல்கள் அதைப் பார்க்கின்றன. சொந்தச் சரக்கு என்றால் விட்டுவிடும், கிருமியின் சரக்கு என்றால் மடக்கும். 1987-ல் பீட்டர் கிரெகர்சனும் ராபர்ட் வின்செஸ்டரும் சக ஆய்வாளரும் ஒன்றைக் கவனித்தார்கள்: முடக்குவாதம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் எச்எல்ஏ வகைகள் பல என்றாலும், அவை எல்லாவற்றிலும் ஒரு சிறு இடத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. அந்த வடிவம் உடம்பின் சொந்தப் புரதத்தை, அது கொஞ்சம் உருமாறியிருந்தால், அழுத்தமாகப் பிடித்துக் காட்டுகிறது. டி செல் அதை அந்நியம் என்று எடுத்துக்கொள்கிறது. சண்டை மூட்டுக்குள் தொடங்குகிறது.

வெட்ட முடியாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. காசநோய்க் கிருமியைக் காட்டிக்கொடுப்பதும் இந்த எச்எல்ஏ குடும்பம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழு இந்த வட்டாரத்து மக்களிடம் எச்எல்ஏ வகைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. காசநோய், தொழுநோய் இரண்டோடும் அவற்றுக்குள்ள தொடர்பைத் தேடியது. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் சமூகங்களுக்குள்ளேயே எச்எல்ஏ வகைகள் வேறுபடுவதை அந்த வேலை காட்டியது. தலைமுறை தலைமுறையாக நாம் யாருக்குப் பெண் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது ரத்தத்தில் பதிவாகியிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியரிடம் எச்எல்ஏவுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் பிடிபிஎன்22 என்ற ஜீனின் மாற்றம் நம்மிடம் வெகு அரிது. ஆனாலும் நமக்கு முடக்குவாதம் வருகிறது. வெள்ளைக்காரர் பட்டியலை வைத்து நம்மை அளக்க முடியாது. அதனால்தான் புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை தமிழ் நோயாளிகளிடமே முடக்குவாதம், லூபஸ் (நோயெதிர்ப்பே உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) இரண்டின் ஜீன்களையும் தேடி ஆய்வுகள் வெளியிட்டு வருகிறது. நீங்கள் உயிரியல் படிக்கிறவர் என்றால் அங்கே போய்ச் சேருங்கள். இந்த வேலைக்கு ஆள் போதாது.

கேள்வி: மகனுக்கு 24 வயது. முதுகுவலிக்குப் பார்த்ததில் எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ். அதிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை. தம்பிக்கும் பார்க்க வேண்டுமா? உறவினர் வர்ம ஆசானிடம் போகச் சொல்கிறார். (ஒரு தாய், கொட்டாரம்)

பதில்: அம்மா, முதலில் சாப்பிடுங்கள். முதுகெலும்பு இறுகும் வாதத்துக்கும் பி27-க்கும் உள்ள தொடர்பை 1973-ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அந்த வாதம் உள்ள ஐரோப்பியரில் பத்தில் ஒன்பது பேருக்கு பி27 இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டால் கணக்கு தப்பிவிடும்: பி27 உள்ளவர்களில் நூற்றில் ஒருசிலருக்குத்தான் அந்த வாதம் வருகிறது. ரிப்போர்ட் தனியாக நின்று எதையும் சொல்லாது. மகன் சொல்வதைக் கேளுங்கள். படுத்தால் கூடி நடந்தால் குறைகிற வலியா? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா? மூன்று மாதத்துக்கு மேலாகிறதா? ஆம் என்றால் மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

தம்பிக்கு வலி இல்லை என்றால் பரிசோதனையும் வேண்டாம். வர்மம் இந்த மண்ணின் பெரிய கலை, அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இறுகிய முதுகெலும்பு எளிதில் முறியும். கழுத்தையும் முதுகையும் திருப்பிச் சொடுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள். நல்ல ஆசான் என்றால் இதைச் சொன்னதும் அவரே கையை எடுத்துவிடுவார். நீச்சல் மிக நல்லது. நாஞ்சில் நாட்டில் குளத்துக்கா பஞ்சம்?

கேள்வி: மகளுக்கு 26 வயது. இரண்டு வருடமாக முடக்குவாதத்துக்கு மாத்திரை எடுத்து நன்றாக இருக்கிறாள். வரன் வந்திருக்கிறது. "வம்ச வியாதி என்று தெரிந்தால் ஓடிவிடுவார்கள், கல்யாணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்து" என்கிறார் தரகர். என்ன செய்ய? (பார்வதிபுரம்)

பதில்: தரகரை நிறுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்தக் கடிதம் ஒரே உள்ளடக்கத்தோடு வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அடங்கியிருக்கும் நோய் மருந்தை விட்டதும் திரும்பி வரும். தாலி கட்டும் மாதத்தில் விரல் வீங்கி, தாம்பாளத்தைத் தூக்க முடியாமல் அந்தப் பிள்ளை மணமேடையில் நிற்கும். அப்போது வரும் கேள்விக்கு யார் பதில் சொல்வது? அவள்தான். மூட்டில் ஒருமுறை அரித்த எலும்பு திரும்ப வளர்வதும் இல்லை.

சொல்லித்தான் ஆக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளுனோமைட் போன்றவை கருவுக்குக் கேடு. குழந்தைக்குத் திட்டமிடுவதற்குப் பல மாதம் முன்பே மருத்துவர் மருந்தை மாற்றிக்கொடுக்க வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், சல்ஃபாசலசைன் போன்றவற்றைக் கர்ப்பத்திலும் தொடரலாம். இதெல்லாம் கணவனுக்குத் தெரியாமல் நடக்கக்கூடியதா? கர்ப்பகாலத்தில் பல பெண்களுக்கு இந்த வலி தானாகவே குறைவதும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் அதைக் கவனித்து, உடம்பே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் வேலை செய்கிறது என்று தேடிப்போனதில்தான் கார்ட்டிசோன் சிகிச்சை பிறந்தது. 1950-ல் நோபல் பரிசும் வந்தது. பிரசவத்துக்குப் பின் வலி திரும்பலாம் என்பதால் அந்த மாதங்களில் கூடவே ஒத்தாசைக்கு ஆள் வேண்டும்.

வம்சத்தைப் பற்றிக் கேட்டால் தோவாளைக்காரருக்குச் சொன்ன கணக்கையே சொல்லுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: மாப்பிள்ளையின் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை உண்டா? பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு ஆயுளில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். ஜாதகக்கட்டு பார்த்த எந்த வீட்டிலும் இதைக் கேட்டு வரனைத் தட்டிவிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வம்சத்தில் வருவது பெண்ணின் விரலில் தெரிந்தால் குற்றம், ஆணின் ரத்தத்தில் ஓடினால் சகஜம் என்ற இந்த வழக்கம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உண்மையைச் சொன்னதும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்து எழுந்து போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

கேள்வி: சொந்தத்தில் மாமன் மகனைக் கட்டினால் வாதம் வருமா? (இரணியல்)

பதில்: பொதுவாக வரும் முடக்குவாதத்துக்கு அது பெரிய காரணம் இல்லை. ஆனால் இரண்டு பக்கமிருந்தும் ஒரே பழுதான ஜீன் வந்தால்தான் வரும் நோய்கள் சொந்தத்தில் கூடும். சி1க்யூ என்ற புரதம் முற்றிலும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் அப்படி. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே லூபஸ் வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் நடந்த திருமணங்கள் 28 சதவீதம். ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சக ஆய்வாளரும் 2017-ல் தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 சமூகங்களில், சொந்தம் அல்லாதவர் என்று நினைக்கும் மணமக்களும் சில முன்னோரையே பகிர்ந்துகொள்கிறார்கள், அதுவும் சில முன்னோரிலிருந்தே பெருகியவர்கள் என்று பேர்பெற்ற பின்லாந்துக்காரர்களைவிட அதிகமாக.

கேள்வி: எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சு உண்டே, அது ஜீனைக் கெடுத்து வாதம் வருகிறதா? (மணவாளக்குறிச்சி)

பதில்: மோனசைட் மணலில் தோரியம் இருப்பது உண்மை. ஆனால் நான் இங்கே சொன்ன எச்எல்ஏ வகைகள் புதிதாகக் கெட்டவை அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரோடு வருபவை. மணல் என்றால் என்னவென்றே அறியாத குளிர்நாட்டு மலைக்கிராமத்திலும் அவை உண்டு.

கேள்வி: லூபஸ் ஏன் பெண்களையே பிடிக்கிறது? (ஆசிரியை, கோட்டாறு)

பதில்: பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோன் மட்டும் காரணமல்ல, டீச்சர், பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு என்பதும்தான். எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக, எக்ஸ்எக்ஸ்ஒய் என்று பிறந்த ஆண்களுக்கும் மற்ற ஆண்களைவிட லூபஸ் பல மடங்கு அதிகம். டிஎல்ஆர்7 என்ற ஜீன் எக்ஸில்தான் இருக்கிறது. கிருமியின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. 2022-ல் கரோலா வினுவேசா குழு, ஸ்பெயினில் ஒரு சிறுமிக்கு அந்த ஜீனில் ஒற்றை எழுத்து மாறியதால் லூபஸ் வந்ததைக் காட்டியது. அதே மாற்றத்தை எலிக்குக் கொடுத்தார்கள், எலிக்கும் வந்தது. இதை நம்பி அந்த ஜீனின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முடக்குவாதம். நான் ரப்பர் பால்வெட்டு. பீடி உண்டு. விடணுமா அண்ணே? (குலசேகரம்)

பதில்: இன்றைக்கே. 2006-ல் சுவீடனின் லார்ஸ் கிளாரெஸ்காக் குழு கண்டது: மேலே சொன்ன எச்எல்ஏ வடிவம் தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்து, புகையும் பிடித்தால், இரண்டும் இல்லாதவரைவிட ஒருவகை முடக்குவாதம் 21 மடங்கு. புகை நுரையீரலில் புரதங்களை உருமாற்றுகிறது. எச்எல்ஏ அதை ஏந்திக் காட்டுகிறது. அப்பாவிடமிருந்து வந்ததை ஒன்றும் செய்ய முடியாது. பீடி கடையிலிருந்துதானே வருகிறது.

கேள்வி: எச்சிலை அனுப்பினால் ஜீன் பார்த்து என்னென்ன நோய் வரும் என்று சொல்கிறார்களே, செய்யலாமா? (மீனாட்சிபுரம்)

பதில்: மூட்டுவாதத்துக்காக என்றால் வேண்டாம், காரணம் வடசேரித் தம்பிக்கு எழுதியதில் இருக்கிறது. ஆனால் நோய் வந்த பிறகு ஒரு ஜீன் பரிசோதனை உயிரையே காக்கும். லூபஸுக்கு அசாதையோபிரின் மாத்திரை எழுதினால், என்யுடிடி15 ஜீன் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் உள்ள ஒரு மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது, இந்தியர் உட்பட ஆசியரிடம் கணிசம். அது உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். பரிசோதிக்க வசதியில்லாமல் மாத்திரை தொடங்கியிருந்தால், முதல் வாரங்களில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினாலோ, காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் போய் ரத்த அணுக்களை எண்ணச் சொல்லுங்கள்.