பூனைக்கு ஓர் ஆங்கில நோட்டீஸ்

1957 மார்ச்சில் டோக்கியோவில் நோரா என்ற பூனை வெளியே போனது, திரும்பவில்லை. வளர்த்தவர் உச்சிதா ஹ்யாக்கென்: பிடிவாதத்துக்குப் பேர்போன எழுத்தாளர், முன்னாள் ஜெர்மன் மொழிப் பேராசிரியர், வயது 67. அன்றிலிருந்து அழுகைதான். பேப்பரோடு வீடு வீடாக நோட்டீஸ் போனது. பூனை வெள்ளைக்காரர் வீட்டில் புகுந்திருந்தால்? ஆங்கிலத்திலும் ஒன்று அச்சானது. பூனைக்கு எந்த மொழியும் புரியாது என்பது வேறு விஷயம். அதற்குப் புரிந்தாலும் வந்திருக்காது.

இவருடைய குருநாதர் நாட்சுமே சொசெகி. மனிதர்களைப் பார்த்துப் பூனை கேலி செய்யும் நாவலை 1905-இல் எழுதத் தொடங்கியவர். சீடர் அதைப் படிக்காமலா இருந்திருப்பார்!

2018-இல் வந்த ஓர் ஆய்வு, தொலைந்து கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன என்கிறது. அதாவது நாம் ஊரெல்லாம் கூவுகையில், அது பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து நம் குரலை விமர்சித்துக்கொண்டிருக்கும்.

நோரா கடைசிவரை வரவில்லை. குட்டை வாலோடு வேறொரு பூனை தோட்டத்தில் தலைகாட்டியது; சாயல் பார்த்து, நோராவின் உறவாக இருக்குமோ என்று ஹ்யாக்கென் நெகிழ்ந்தார். அது சாப்பாடு எப்போது என்று பார்த்தது.