கனமடி, இலகுமடி: பொருநைக் கரை மடிக்கணினிகள் பற்றிய ஓர் எடையியல் ஆய்வு

பாளையங்கோட்டை விடுதி மாணவர்கள் கேமிங் லேப்டாப்பை (கனமடி) விற்றுவிட்டு மெல்லிய லேப்டாப்புக்கு (இலகுமடி) மாறிவரும் செய்தி, அறிஞர் உலகில் உரிய கவனம் பெறவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

மடிக்கணினி மூவகைத்து: தூக்குவது, தூக்க முயல்வது, தூக்கியதே தெரியாதது. மூன்றாவது, விலை காரணமாக ஆய்வுக்குக் கிடைக்கவில்லை.

தொன்மையில் தொடங்குவது மரபு. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ எடையுள்ளது. ‘எடுத்துச் செல்லத்தக்கது’ என்றே விற்றார்கள். எடுத்துச் செல்பவர் யார் என்பதற்கு உரைகாரர் எவரும் விளக்கம் தரவில்லை.

இனி அடாப்டர் இயல். கனமடியின் எடை இரண்டரைக் கிலோ என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் அடாப்டர் சேராது. வீட்டு மின்விசிறிக்கு 75 வாட் போதும்; கனமடியின் கிராபிக்ஸ் சிப் மட்டுமே 100 வாட்டுக்கு மேல் விழுங்கும். விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரம்பு. ஆகவே பெரிய பேட்டரிகளும் 99இல் நின்றுவிடும். அதை வைத்து விளையாடினால் நெடுநேரம் தாங்காது, வேகமும் குறையும். ஆக, அடாப்டர் என்னும் உயிரை உடலுக்கு வெளியே கயிற்றில் கட்டிச் சுமக்கும் பிராணி கனமடி.

அவ்வுயிர் உறுப்பா, உடைமையா? உறுப்பே என்பது வண்ணார்பேட்டைக் கட்சி. உடைமை என்பது டவுன் கட்சி. பஸ்ஸில் காலில் விழுந்தால் இரண்டும் ஒன்றுதான் என்பர் ஜங்ஷன் மரபினர் (காண்க: தேநீர்க்கடைச் சுவடி, வடை எண்ணெய்ப் படி, பக்கம் கிழிந்தது).

அடுத்து, இவ்வாய்வின் உயிர்நிலை. சிவன் திருமணத்துக்கு எல்லாரும் கயிலையில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமன்செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார்கள் என்கிறது புராணம். அவர் குறுமுனி. ஆதலால் இலகுமடியின் முன்னோடி அவரே என்பாருளர். அது பொருந்தாது. ஒரு திசையையே அமுக்கியவர் எப்படி இலகு? வடிவால் இலகுமடி, நிறையால் கனமடி என்பதே எம் துணிபு. 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் மீது காலையில் கனமடிகள் கிழக்கே போகையில் பாளையங்கோட்டை தாழ்கிறது. மாலையில் அவை திரும்ப, டவுன் தாழ்கிறது. இடையில் தாமிரபரணி கவிழாமல் ஓடுவது முனிவர் இன்னும் பணியில் இருப்பதற்குச் சான்று. இதற்கு அகத்தியத்தில் விதி இருந்திருக்கும். அந்நூல் கிடைக்கவில்லை, மேற்கோள் காட்ட அதைவிட வசதியான நூல் தமிழில் வேறில்லை. இந்த வசதியை முதலில் கண்டவன் நானல்லேன் (அகத்தியம், தொலைந்த பகுதி, நூற்பா எண்ணும் தொலைந்தது, அதற்கு எழுதப்படாத உரை, அவ்வுரையை மறுத்துக் கல்லிடைக்குறிச்சிப் பாட்டி ஒருவர் கூறியது, ஒலிப்பதிவில் பாதி, மீதிக்குள் சார்ஜ் இறங்கிவிட்டது).

கனமடி ஒருநாள் தொல்பொருளாகும். ஆதிச்சநல்லூரில் புதைக்கலாமே என்று கேட்டனர். அங்கே 2004-05இல் தோண்டியதற்கு அறிக்கை வரப் பதினைந்து ஆண்டாவது ஆனது. கனமடியின் விண்டோஸ் அப்டேட்கூட அதற்குள் முடிந்துவிடும்.

இலகுமடிக்கு மாறியபின் கண்டவை சில. 65 வாட் டைப்-சி சார்ஜர் சட்டைப்பையில் அடங்கும், போனுக்கும் அதுவே. பெரிய விளையாட்டுகள் திணறும். எம்2 மேக்புக் ஏர் 1.24 கிலோதான், உள்ளே விசிறியே கிடையாது. சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நெல்லையே அப்படித்தான் இயங்குகிறது என்பதால் இதைக் குறையாகக் கொள்ளவில்லை.

ஆனால் தோளில் எடை குறைந்ததா? இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்பும் மகனின் பையைத் தாய் தூக்கிப் பார்க்கிறாள். “ஏல, பை சும்மாதான கெடக்கு” என்று ஒரு கிலோ அல்வாவும், வடகமும், ஊறுகாய்ப் பாட்டிலும் உள்ளே போகின்றன. எடை அழிவதில்லை, நெய்யாக மாறுகிறது. எனவே கம்பெனிக்காரர்கள் 1.24 கிலோ என்பதன் கீழே ‘திருநெல்வேலியில் புறப்படும்போது நீங்கலாக’ என்று அச்சிட வேண்டும். அல்வா உறுப்பா உடைமையா என்ற கேள்வியில் வண்ணார்பேட்டையும் டவுனும் முதன்முறையாக உடன்படுகின்றன: விழுப்புரம் வருமுன் தீர்ந்துவிடுவதால், அது எடையே அன்று.