மின்னஞ்சல் ரட்சண மீமாம்சை

எந்தச் சாஸ்திரத்தைத் தொடங்கினாலும் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் முதலில் நிலைநாட்டிவிட்டே மேலே செல்ல வேண்டும் என்பது பூர்வாசாரியர்கள் வகுத்த முறை. தொண்ணூறு நாள் நிறைந்த மின்னஞ்சல்களையெல்லாம் தானாகவே அழித்துவிடும் ஏற்பாட்டைக் கொண்ட ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவன், அவற்றுள் சிலவற்றின் பிரதிகளைக் கம்பெனியின் கண்ணில் படாமல் தன்வசம் ஒதுக்கி வைத்துக்கொள்வதே இவ்வாராய்ச்சியின் விஷயம். அதிகாரி என்பது இங்கே கற்கத் தகுதி பெற்றவனைக் குறிக்கும், "நான் எப்போது அப்படிச் சொன்னேன்?" என்ற வாசகத்தை மேலதிகாரியின் திருவாயிலிருந்து ஒரு தடவையேனும் கேட்டவனுக்கு அத்தகுதி வந்துவிடுகிறது. சம்பந்தம், மாதச் சம்பளம். பிரயோஜனம் ஏதேனும் உண்டா என்பது விவாதத்துக்குரியதாதலால் அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அழிப்பதற்கென்று இயற்றிய சட்டதிட்டத்துக்கு 'ரிடென்ஷன் பாலிசி', அதாவது காத்து வைக்கும் கொள்கை, என்று நாமகரணம் செய்திருப்பதைக் கண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நகைப்பதுண்டு. செத்தாரைத் துஞ்சினார் என்றும், தாலி அறுந்ததைத் தாலி பெருகிற்று என்றும் சொல்லும் மங்கல வழக்கை நம் இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்க, அஞ்சலைக் கொல்வதைக் காத்தல் என்று சொன்னால் மாத்திரம் குற்றமாகிவிடுமா?

இனி, கம்பெனியின் பட்சம். ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டால், "சர்வரில் இடம் இல்லை சார்" என்பார் ஹெல்ப்டெஸ்க்காரர். 2004-ஆம் ஆண்டிலேயே ஜிமெயில், அழைப்புப் பெற்றவர்க்கெல்லாம் ஒரு ஜிகாபைட் இடத்தை இனாமாக வழங்கிவிட்டபடியால், இக்காரணம் செல்லாது. உண்மைக் காரணம் நியாயஸ்தலம். அமெரிக்காவில் வழக்கென்று ஒன்று வந்துவிட்டால், எதிர்க்கட்சி வக்கீல் கேட்கும் அஞ்சல்களைத் தேடியெடுத்துக் கொடுத்தாக வேண்டும். விதிப்படி முன்னமே மாண்டுபோனதைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கு வரப்போகிறதென்று தெரிந்த பிற்பாடு அழித்தாலோ அதுவே தனிக் குற்றம். என்ரான் கம்பெனியின் கணக்குகளைத் தணிக்கை செய்துவந்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தின் வக்கீல் ஒருவர், நமது ரிடென்ஷன் பாலிசியை ஊழியர்களுக்கு நினைவூட்டினால் நலமாயிருக்கும் என்ற பொருள்பட 2001 அக்டோபரில் ஓர் அஞ்சல் விடுத்தார். காகிதங்கள் மூட்டை மூட்டையாகக் கிழிபட்டன. 2002 ஜூனில் நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தபோது, அந்த நற்செய்தியைக் கேட்டு மகிழ அங்கே பெரும்பாலும் ஆளில்லை. நினைவூட்டச் சொன்ன அஞ்சல் மட்டும் அழியாமல் தப்பி வந்து சாட்சி சொல்லிற்று. என்ரான்காரர்களுடைய அஞ்சல்களை 2003-இல் அரசாங்கமே வெளியிட்டுவிட, ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஒழுங்கு செய்தபோது சுமார் 150 பேருடைய 5 லட்சம் கடிதங்கள் தேறின. மத்தியானம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டவர்களுடைய மடல்களுக்கும் இவ்வண்ணம் அமரத்துவம் கிட்டிற்று.

ஊழியனுடைய பட்சமோ பஞ்சாங்க சம்பந்தமானது. அப்ரைசல் வருவது மார்ச்சு மாதத்தில். ஜூன் மாதத்தில் ஒரு ராத்திரி முழுதும் கண்விழித்து வேலையை முடித்துக் கொடுத்ததற்காக அமெரிக்கத் துரைமகனார் "கிரேட் ஜாப்" என்று எழுதிய பாராட்டு, செப்டம்பர் முடிவதற்குள் தொண்ணூறு நாள் கடந்து பரமபதம் அடைந்துவிடுகிறது. பிப்ரவரி மாதத்தில் செய்த ஒரு சிறு பிழையைச் சுட்டிய அஞ்சலோ மார்ச்சு மாதத்தில் பறித்த கீரைபோல் பசுமையாக இருக்கிறது. இந்த அநீதியே அஞ்சல் பதுக்கலுக்கு மூலகாரணம் என்பது என் சித்தாந்தம். பதுக்கப்படும் அஞ்சல்களைச் சோதித்தால், தொழில் ரகசியம் எதுவும் அவற்றில் இராது; இரவு 11.42-க்கு மானேஜர் அனுப்பிய "ஓகே, கோ அஹெட்" என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

உபாயங்கள் பல. சொந்த முகவரிக்கு அனுப்புவது பாமரர் மார்க்கம். காவல் மென்பொருள் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். அச்சிடுவது கிருஹஸ்தர் மார்க்கம். ஒரு வரி அஞ்சலுக்கு இரண்டு தாள் வரும், இரண்டாம் தாளில் இது உமக்குரியதல்லவாயின் உடனே அழித்துவிடுக என்ற எச்சரிக்கையும், அச்சிடுமுன் மரங்களை நினைத்துப்பாரும் என்ற வேண்டுகோளும் மாத்திரம் இருக்கும். செல்போனால் திரையைப் படமெடுப்பது சந்நியாச மார்க்கம், அதாவது ராஜினாமா கொடுத்தவர்கள் கடைப்பிடிப்பது. என் பக்கத்து இருக்கை நண்பர் நோட்டீஸ் பீரியடின் கடைசி நாளன்று, எல்லோரும் அவருக்காக வாங்கிய கேக்கைச் சுற்றி நின்றபோது, தாம் மட்டும் திரும்பி வந்து முப்பது படம் எடுத்தார். பின்னால் பெரிதாக்கிப் பார்த்தால், கோடு கோடாக அலையும் எழுத்துக்களுக்கு நடுவே குழல்விளக்கின் பிம்பமும், வாயோரத்தில் கிரீம் ஒட்டிய அவருடைய முகமுமே தெளிவாகத் தெரிந்தன.

சரி, பிரயோஜனம். காணப்படாமை என்பதையே அனுபலப்தி என்று ஒரு பிரமாணமாகப் பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் கொண்டனர். காட்டக்கூடிய சாட்சியத்தை ஒருவன் காட்டாவிட்டால் அது அவனுக்கே பாதகமாயிருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாமென 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் சொல்லிற்று. அப்படியானால் இருப்பதைக் காட்டுபவனுக்கு என்ன குறை என்று தோன்றும். குறை உண்டு. அச்சட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் சேர்ந்த 65-பி பிரிவு கேட்டதுபோலவே, அதன் ஸ்தானத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவும், கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரதியுடன் அதன் பொறுப்பிலுள்ளவர் கையொப்பமிட்ட சான்றிதழையும் கேட்கிறது. ஆகவே அலுவலக இயந்திரத்தில் திருட்டுத்தனமாக அச்சிட்டவர், அதே அலுவலகத்துச் சிஸ்டம்ஸ் இலாகாவுக்குப் போய், "சார், இதில் ஒரு கையெழுத்து" என்று நிற்க வேண்டியவராகிறார்.

என் கதையையும் மறைப்பதற்கில்லை. கம்பெனி யுஎஸ்பி துளைகளை அடைப்பதற்கு முன்பே, நாலு வருஷத்து அஞ்சல்களைத் தொண்ணூறு நாள் நிறையுமுன் அவ்வப்போது பிஎஸ்டி கோப்பாகத் திரட்டி, அந்நியர் திறவாவண்ணம் கடவுச்சொல் பூட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சென்ற மார்ச்சு மாதத்தில் மானேஜர் அந்தப் பழைய வாசகத்தைத் திருவாய் மலர்ந்தருள, வெற்றிக் களிப்போடு வீடு திரும்பிக் கோப்பைத் திறக்க முயன்றேன். கடவுச்சொல் ஞாபகத்துக்கு வரவில்லை. மறந்துவிடுவோமென்று அஞ்சி அதை எனக்கு நானே ஓர் அஞ்சலாக அனுப்பி வைத்திருந்தேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது; எந்த முகவரிக்கு என்பதும் ஞாபகம் இருந்தது.